மாவுநீரும் பாலும்

பாரதத்தில் துரோணர் தம் வறுமையைச் சொல்லுமிடம் ஒன்று உண்டு. பாலுக்கு ஏங்கிய சிறுவன் அசுவத்தாமனுக்கு உடன் விளையாடிய பிள்ளைகள் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். அதைக் குடித்துவிட்டு, பால் குடித்தேன் என்று அவன் துள்ளிக் குதிக்கிறான். கண்ட தந்தையின் நெஞ்சு வெடிக்கிறது. துரோணரிடம் பசு இல்லை. நம்மிடம் பசு இருக்கிறது. இருந்தும் நம் பிள்ளைகளுக்கு மாவுநீரையே கரைத்து ஊட்டிக்கொண்டிருக்கிறோம். குற்றவாளிகளில் இதனை எழுதும் நாமும் அடக்கம்.

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தின் புத்தக அலமாரியைப் பாருங்கள். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புகையில் புகைவண்டி நிலையக் கடையில் வாங்கிய பளபளப்பான படப் புத்தகங்கள் நாலைந்து இருக்கும். இராமாயணம் முழுவதும் முப்பதே பக்கத்தில்! வில் ஒடிகிறது, காடு வருகிறது, இராவணன் சாகிறான். ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இறுதியில் கட்டம் கட்டி ஒரு நீதி. எழுதியவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. பெயர் போட்டுக்கொள்ளத்தக்க நடையும் அன்று அது.

பிள்ளைகளுக்கு எளிமை வேண்டாமா என்பர் சிலர். எளிமை வேறு, வறுமை வேறு. இராஜாஜியின் 'வியாசர் விருந்து' 1940களில் கல்கி இதழில் தொடராக வந்தது. அவருடைய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. இவ்விரண்டிலும் அகராதியைத் தேடவைக்கும் சொல் அரிது. வாக்கியங்கள் சிறியவை. ஆயினும் வாலியும் கர்ணனும் அங்கே உயிரோடு நிற்கிறார்கள்; அறம் யார் பக்கம் என்று எட்டு வயதுப் பிள்ளை நம்மிடம் சண்டைக்கு வருகிறது. அவருடைய அரசியலோடு பிணங்கியவர்கள் நம்மில் பலருண்டு. அதற்காக அவருடைய உரைநடையைப் பிள்ளைகளுக்கு மறுப்பது வீண்பிடிவாதம்.

ஊரில் வளரும் பிள்ளைக்கு மோசமான நூல் ஒன்றிரண்டால் பெருங்கேடு வந்துவிடாது. நம் மொழியில் பேச்சுத் தமிழ் வேறு, எழுத்துத் தமிழ் வேறு. அங்கே எழுத்துத் தமிழ் பள்ளியிலும் மேடையிலும் வானொலியிலும் அதன் காதில் விழுந்துகொண்டேயிருக்கிறது. சுவரொட்டிகூட அதற்குப் பாடம் சொல்கிறது. இங்கே? வீட்டில் நாம் பேசுவதே இந்தியும் ஆங்கிலமும் பாதிக்குப் பாதி கலந்த ஒன்று. 'சென்றான்', 'கண்டான்', 'ஆயினும்' என்னும் சொற்கள் நம் பிள்ளையின் செவிக்கு எட்ட வேறு வழியில்லை. இரவில் அதனை அருகில் அமர்த்தி நாம் வாய்விட்டுப் படிக்கும் அந்த ஒரு நூல்தான் அதற்குப் பள்ளி, மேடை, வானொலி எல்லாம். அந்த நூலையும் நடை தெரியாதவர் எழுதியிருந்தால், பிள்ளை தமிழென்று அறிவது அதனைத்தான்.

உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பெரியோர்க்குரியது என்று மேலடுக்கில் ஏற்றிவிடுகிறோம். 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த தொடர் அது. வார இதழ் வாசகர்க்காக எழுதப்பட்டதேயன்றிப் புலவர்க்காக அன்று. அதன் தொடக்கத்தைப் பிள்ளைகளோடு படித்துப் பாருங்கள். ஏகாதசியன்று மறதியாக வெற்றிலை போட்டுக்கொண்ட தஞ்சை மன்னர், அதற்குக் கழுவாயாக ஓர் ஊரையே உண்டாக்கித் தானம் செய்கிறார், அதுவே உத்தமதானபுரம். ஒரு வெற்றிலையால் ஓர் ஊர்! நாம் இதனைப் படித்துக் காட்டியபோது, "நம்ம ஊர் எப்படி வந்தது?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். விடை தெரியாமல் ஊரிலிருக்கும் தாத்தாவைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியதாயிற்று. நூல் முழுவதையும் இப்போதே படிக்க வேண்டுவதில்லை. மகாவித்துவானிடம் பாடம் கேட்கும் பகுதிகள் பிறகு வரட்டும்.

வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை' மற்றொன்று. இத்தாலியிலிருந்து வந்து 1747-இல் மறைந்த அத்துறவி, தமிழ் கற்கத் தொடங்கும் மேனாட்டார்க்குப் பயிற்சியாக இதனை எழுதினார்; 1822-இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறிற்று. தமிழுக்குப் புதியவர்க்கென்றே பிறந்த நூல் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் வேறு யாருக்குப் பொருந்தும்? ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கும் சீடர்களைக் கண்டு சிரிக்காத குழந்தையை நாம் இன்னும் பார்க்கவில்லை. குருமாரை இழிவு செய்யும் நூல் என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்து அறையில் இருக்கட்டும்.

பாட்டுக்குப் பஞ்சமேயில்லை. பாரதியும் கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் இருக்கிறார்கள், வாய்விட்டுப் பாடினால் போதும், விளக்கவுரை வேண்டா.

பிள்ளைக்குத் தமிழ் எழுத்தே தெரியாதே என்று கைவிரிப்பவர்க்கு ஒரு சொல். செவிக்கு எழுத்து எதற்கு? படிக்க வேண்டியவர்கள் நாம். அரைமணி நேரம் தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவைக்க மனமில்லாத நாம்தான் பிள்ளையின் எழுத்தறியாமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம்.

சங்கங்களையும் விட்டுவைப்பதற்கில்லை. குறளை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்து, பொருளறியாமல் உருப்போடவைத்து, மேடையேற்றிக் கைதட்டி, கடைசியில் எவர்சில்வர் டம்ளரைப் பரிசாக நீட்டுகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் இப்போது டம்ளர்கள் போதிய அளவில் உள்ளன. இவ்வாண்டுப் போட்டிக்கான பரிசுகள் இன்னும் வாங்கப்படவில்லை என்று அறிகிறோம். செயற்குழுவினர் கேட்டால் நூற்பட்டியலை இன்றே எழுதித் தருகிறோம்.