மிலான் மாநகர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு பாணனை நோக்கி, இன்ன வழியே செல்க, இன்னாரைக் காண்க என்று நெறிப்படுத்துவது ஆற்றுப்படை. இதனைத் தமிழாசிரியர் வகுப்பறையில் ஆண்டுதோறும் கூறி வருகின்றோம். அப்பாட்டுகளில் ஒரு நுட்பம் உண்டு. புரவலனுடைய வாயிலை அடையுமுன், பாணன் எயினர் குடியிருப்பையும் ஆயர் பாடியையும் உழவர் மனையையும் வலைஞர் சேரியையும் கடந்தே செல்லல் வேண்டும். அவ்வவ்விடத்து மக்கள் என்ன தொழில் செய்கின்றனர், எதனை உண்கின்றனர் என்பதைப் புலவர் சொல்லாது விடார். பெரும்பாணாற்றுப்படை கற்றோர் இதனை நன்கறிவர். இக்காலத்து வெளிவரும் உல்லாசப் பயண வழிகாட்டிகளும் ஒருவகை ஆற்றுப்படைகளே. ஆயின், இவை புரவலன் வாயிலைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. இடைவழியிலுள்ள குடிகள் இவற்றில் இல்லை.

இக்குறை மிகுதியும் தோன்றுவது இத்தாலியின் வடபாலுள்ள மிலான் நகரைப் பற்றிய வழிகாட்டிகளிலாகும். ஏறத்தாழ 14 இலட்சம் மக்கள் வாழும் அந்நகரம், 2026 பெப்ரவரிக் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகளைக் கோர்ட்டினா என்னும் மலையூரோடு சேர்ந்து ஏற்றமையால் உலகத்தின் கண்ணில் பெரிதும் பட்டுள்ளது. விடுமுறைக்கு அங்குச் செல்ல விழைவோர் தொகை பெருகுகின்றது. செல்லற்க என்று யாம் கூறவில்லை. எவ்வாறு செல்லத் திட்டமிடுவது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மிலானின் பெயர் அணிகலனோடும் ஆடையோடும் பிணைந்தது பன்னூற்றாண்டுகளுக்கு முன்னராகும். பெண்டிர் தொப்பி செய்வோரை ஆங்கிலர் 'மிலினர்' என்பர். மிலானிலிருந்து நாடாவும் கையுறையும் கொண்டுவந்து விற்றோர்க்கு வழங்கிய பெயரே அவ்வாறாயிற்று. எனினும், இன்றைய உடைநாகரிகத் தலைமை பழையதன்று. 1951இல் இத்தாலிய உடைக்காட்சிகள் தொடங்கப்பெற்றது புளோரன்சு நகரிலேயே. 1970களில் அவை மிலானுக்குப் பெயர்ந்தன. தறியும் ஆலையும் வங்கியும் அச்சகமும் மிலானைச் சூழ இருந்தமையே காரணம். அழகு புளோரன்சில் மிகுதி. ஆயினும் தொழில் மிலானில் இருந்தது. தொழில் இருந்த இடத்துக்கே அழகும் சென்று சேர்ந்தது.

வழிகாட்டிகள் முதற்கண் காட்டும் மொந்தே நெப்போலியோனே வீதி, 2024இல் உலகிலேயே கடை வாடகை மிக்க வீதியென ஒரு வணிக ஆய்வு நிறுவனத்தாற் கணிக்கப்பட்டது. ஒரு சதுர மீற்றருக்கு ஆண்டொன்றுக்கு வாடகை 20,000 யூரோ. அத்துணை வாடகை கொடுத்து அங்கே விற்கப்படும் பொருளை ஆக்கியோர் யார் என்ற வினா எழவேண்டும். வழிகாட்டிகள் எழுப்பாத அவ்வினாவை மிலான் நீதிமன்றம் எழுப்பியுள்ளது. 2024 ஜனவரி முதலாக அந்நீதிமன்றம் அல்வியெரோ மார்ட்டினி, ஆர்மானி, டியோர் ஆகிய பெயர்களோடு தொடர்புடைய கம்பனிகளையும், 2025 யூலையில் லோரோ பியானாவையும் தன் மேற்பார்வையின்கீழ் வைத்தது. இந்நிறுவனங்கள் கொடுத்த வேலை கைமாறிக் கைமாறி, நகர்ப்புறத்துச் சிறு தொழிலகங்களைச் சென்றடைந்தது. அங்கே தொழிலாளர் வேலைசெய்யும் இடத்திலேயே உறங்கி, இரவும் விடுமுறை நாளும் பாராது உழைத்தமை பொலிசாரின் சோதனைகளில் வெளிப்பட்டது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கப்பட்ட டியோர் கைப்பை ஒன்றைப் பொருத்தித் தருவதற்கு 53 யூரோ கொடுக்கப்பட்டதாக வழக்கு ஆவணங்களிற் காணப்படுகின்றது. தோல் முதலிய மூலப்பொருள்களின் விலை இதனுட் சேராது.

இவ்விடத்து நடுவுநிலை பிறழாது ஒன்று கூறல் வேண்டும். அப்பெருநிறுவனங்களே தொழிலாளரை வருத்தின என்று நீதிமன்றம் கூறவில்லை. தம் வேலை யார் கையாற் செய்யப்படுகின்றதென்று கண்காணியாமையே அவற்றின்மேற் கூறப்பட்ட குறை. டியோர், ஆர்மானி கம்பனிகள் நிருவாகத்தைத் திருத்திக்கொண்டமையால் 2025 தொடக்கத்தில் மேற்பார்வை நீக்கப்பட்டது. இதனால் விளைவதொன்று உண்டு. 'இத்தாலியில் ஆக்கப்பட்டது' என்னும் முத்திரை பொய்யன்று. அது இத்தாலியில்தான் ஆக்கப்பட்டது. இத்தாலியரின் பரம்பரைக் கைவினை என்று நாம் அம்முத்திரைக்குக் கற்பித்துக்கொள்ளும் பொருள்தான் எப்பொழுதும் மெய்யாவதில்லை. சொல் வேறு, சொல்லின் மேல் ஏற்றிய பொருள் வேறு என்பது இலக்கணம் கற்பிப்போர்க்குப் புதிதன்று.

பொருளை ஆக்குவோர் நிலை இஃதாயின், நகரில் வாழ்வோர் நிலை யாது? ஆசிரியரும் மாணவரும் இதனைச் சற்று நின்று நோக்குதல் தகும். மிலானில் பொலிடெக்னிக்கோ என்னும் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் உளது. அதன் முன்றிலுக்கு லியனார்டோ டா வின்சி சதுக்கம் என்று பெயர். 2023 மே மாதத்தில் மாணவி ஒருத்தி, நகரில் அறை வாடகை கொடுக்க இயலாமையை உலகறியச் செய்யவேண்டி, அச்சதுக்கத்திலே கூடாரம் அடித்துத் தங்கினாள். சில நாள்களில் அக்கூடாரம் பலவாயிற்று. உரோம் முதலிய நகரங்களிலும் மாணவர் அவ்வாறே செய்தனர். கல்வி கற்க இடம் கிடைத்தும் படுக்க இடம் கிடையாத நிலை அது.

வாடகை ஏறியதற்குக் காரணம் பல. பிறநாட்டுச் செல்வர் இத்தாலியிற் குடியேறினால், வெளிநாட்டில் அவர்க்கு வரும் வருவாய் எத்துணைப் பெரிதாயினும் ஆண்டுக்கு 1,00,000 யூரோ மாத்திரம் வரியாகச் செலுத்தினாற் போதும் என்று 2017இல் ஒரு சலுகை வகுக்கப்பட்டது. 2024இல் அத்தொகை இரட்டிப்பாக்கப்பட்டும் செல்வர் வருகை நின்றபாடில்லை. அவருட் பலர் நாடுவது மிலானையே. மற்றொருபுறம், வானளாவும் புதுக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்கு அனுமதி வழங்கிய முறை குறித்து அரசவழக்கறிஞர் நடத்திய விசாரணை 2025 யூலையில் நகரசபையையே உலுக்கியது. சம்பந்தப்பட்டோர் குற்றத்தை மறுத்துள்ளனர். இவ்விரண்டிலும் பயணிக்குப் பங்கில்லை. மூன்றாவது காரணத்தில் அவனுக்குப் பங்குண்டு. குடும்பமொன்றோ மாணவர் நால்வரோ ஆண்டு முழுவதும் வாழத்தக்க வீடு, நாள் வாடகைக்குப் பயணிகட்கு விடப்படுமாயின் உரிமையாளர்க்கு மிகுந்த ஊதியம் தருகின்றது. ஆகவே வீடு மாணவரை விட்டுப் பயணியிடம் செல்கின்றது. அழகிய சாளரமும் சமையலறையும் உடைய வீட்டைப் படத்திற் கண்டு மகிழ்ந்து பதிவுசெய்யும் நல்லவர், தாம் எவருடைய இடத்திற் படுக்கப் போகின்றோம் என்று எண்ணுவதில்லை.

இலங்கையர்க்கு இவ்வினா முதலிலேயே வந்துவிடுகின்றது. ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்பொழுதே தங்குமிடம் இன்னதெனக் காட்டல் வேண்டும். எனவே, பயணத் திட்டத்தில் தங்குமிடமே முதலாவது தீர்மானமாகும். எம் கருத்து, மாணவர் வாழத்தக்க குடியிருப்பை விடுத்து, விடுதியையோ, விருந்தினரை ஏற்கும் துறவியர் மடங்களையோ நாடுதல் நன்று என்பது. வீடுதான் வேண்டுமெனின், 2025 ஜனவரி முதல் ஒவ்வொரு பயணி விடுதிக்கும் வீட்டுக்கும் தேசியப் பதிவெண் இருத்தல் சட்டம். அவ்வெண் காட்டப்படாத வீட்டை ஒதுக்கிவிடுக.

காலத்தைத் தெரிதலும் வேண்டும். உடைக்காட்சி வாரங்கள் பெப்ரவரி இறுதியையும் செப்டெம்பரையும் சார்ந்து வருவன. 1961இல் தொடங்கிய தளபாடக் கண்காட்சி ஏப்ரலில் நடைபெறுவது. அவ்வாரங்களில் விடுதிக் கட்டணம் பன்மடங்காகும். ஓகஸ்டு நடுவிலோ நகரத்தார் கடையடைத்துக் கடலுக்கும் மலைக்கும் சென்றுவிடுவர். ஒக்ரோபர், நவம்பர் மாதங்கள் மூடுபனியும் மழையும் உடையனவாயினும் செலவு குறைந்தவை. மிலான் மிலானாகவே இருக்கும் மாதங்களும் அவையே. நகரின் உள்வட்டத்துள் மோட்டார் வண்டி நுழைவதற்குக் கட்டணம் உண்டு. ஆதலால் வண்டி வேண்டா. 2024 ஒக்ரோபரில் நிறைவுற்ற நான்காம் நிலக்கீழ் இரயிற் பாதை லினாத்தே விமான நிலையத்திலிருந்து நகர் நடுவுக்கு நேரே செல்லும்.

இனிக் காணத்தக்கன. பேராலயத்தைக் காட்டாத வழிகாட்டி இல்லை. அது வந்த வழியைக் காட்டுவன சில. 1386இற் கட்டத் தொடங்கப்பெற்ற அவ்வாலயத்தின் இளஞ்சிவப்பு ஓடிய சலவைக்கல், கந்தோலியா மலையில் வெட்டப்பட்டு, மஜ்ஜோரே ஏரி வழியாகவும் திச்சீனோ ஆற்று வழியாகவும், பின்னர் கால்வாய் வழியாகவும் படகில் மிதந்து நகருக்குள் வந்தது. ஆலயத் திருப்பணிக்கு உரியதென்று பொறிக்கப்பெற்ற கல்லுக்குச் சுங்கம் இல்லை. காசின்றிக் கிடைப்பதை இத்தாலியர் 'அ ஊஃபோ' என்பதற்கு அப்பொறிப்பின் எழுத்துகளே மூலம் என்று மிலான் மக்கள் கூறுவர்; சொற்பிறப்பு ஆய்வோர் அனைவரும் ஒப்புவரோ, அஃது ஐயமே. கால்வாய்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. நகரின் தென்பால் எஞ்சிய நவீலியோ கிராந்தே கரையில் மாலையில் நின்று, படகோட்டிகள் இழுத்து வந்த கற்களை நினைத்துவிட்டு மறுநாள் ஆலயத்துட் செல்க.

லியனார்டோவின் 'இறுதி இராவுணவு' ஓவியத்துக்கு வருவோம். அது 1495 அளவில் தொடங்கி 1498 அளவில் நிறைவுற்றது. ஈரச் சுண்ணத்தின்மேல் விரைந்து தீட்டும் வழக்கத்தை விடுத்து, உலர்ந்த சுவரின்மேல் அவர் மெல்ல மெல்லத் தீட்டியமையால், அவர் வாழ்நாளிலேயே வண்ணம் உதிரலாயிற்று. 1943 ஓகஸ்டிற் குண்டு வீழ்ந்து உணவுக்கூடத்தின் கூரை சிதறியபொழுது, மணல்மூட்டை அடுக்கிக் காத்த அச்சுவர் வீழாது நின்றது. இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்த திருத்தப்பணி 1999இல் முடிந்தது. மூச்சின் ஈரமும் கேடு செய்யும் என்பதால் சிறு குழுக்களாகவே உள்ளே விடுவர். 15 நிமிடமே பார்க்கலாம். முன்பதிவு பல வாரங்களுக்கு முன்னரே முடிந்துவிடும். ஓர் ஓவியத்தைக் காக்க வருவோர் தொகையை வரையறுத்தல் தகும் என்று யாவரும் ஒப்புகின்றனர். குடிகளைக் காக்க அவ்வாறே ஓர் எல்லை வேண்டுமெனின் ஏனோ வணிகர் வெகுள்கின்றனர். அங்கிருந்து அருகேயுள்ள கதோர்னா நிலையத்தில் பச்சைப் பாதை இரயிலேறிப் பியோலாவில் இறங்கினால், மாணவி கூடாரம் அடித்த சதுக்கத்தை நடந்தே அடையலாம். லியனார்டோவின் பெயர் அங்கும் உளது, முன்பதிவு வேண்டுவதில்லை.

இலக்கிய அன்பர் மன்சோனியின் இல்லத்தைத் தவறவிடலாகாது. அவருடைய 'மணம் உறுதி செய்யப்பெற்றோர்' என்னும் நாவல் 1628இல் மிலானில் எழுந்த அப்பக் கலகத்தையும் 1630இல் நேர்ந்த கொள்ளைநோயையும் பாடுபொருளாகக் கொண்டது. பட்டு நூற்போன் ஒருவனே அதன் தலைமகன். 1827இல் வெளியிட்ட நூலைப் புளோரன்சு வழக்குக்கு இணங்கத் திருத்தி, 1840 முதல் 1842 வரை மீண்டும் வெளியிட்டார் அவர். எம் போன்றோர் திருத்தச் சொன்னால் முகங்கோணும் மாணாக்கர்க்கு இச்செய்தியைச் சொல்லலாம்.

இறுதியாக, நம் நாட்டோடு அந்நகர்க்குள்ள தொடர்பு. இத்தாலியில் இலங்கையர் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்கள் மிகுதியாகக் கூடியிருப்பது மிலானிலாகும். மேற்குக் கரையோர ஊர்களிலிருந்து சென்றோர் அவருட் பலர். மிலான் வீடுகளில் முதியோரைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைப்போருள் நம் நாட்டுப் பெண்களும் ஆண்களும் உளர். அவருடைய தேவைக்காகவே இலங்கை அரசு அங்கே ஒரு கொன்சல் அலுவலகத்தை நடத்துகின்றது. விடுமுறைக்குச் செல்வோர் அவருள் ஒருவரையேனும் கண்டு உரையாடி, எவ்வளவு தொலைவிலிருந்து வேலைக்கு வருகின்றீர், வாடகை எவ்வளவு, பிள்ளைகள் எம்மொழியிற் கற்கின்றனர் என்று கேட்பாராக. கைப்பையின் விலையைக் கடைக்காரன் சொல்லிவிடுவான். இவற்றைச் சொல்ல வல்லவர் அவரே.