புல்லா, ஜல்லியா?

நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் தனி வீடு வைத்திருப்பவர்களே இப்போது குறைவு. மிச்சம் இருக்கிற என் வயதுக்காரர்கள் சிலர் வாசல் பக்கம் கொரியன் புல் போடலாமா என்று கேட்கிறார்கள். யோசனை வீடியோ காலில் பிள்ளைகள் சொன்னது. செலவு அவர்களுடையது, தண்ணீர் ஊற்றுவது நாம். என் பதில் ஒன்றுதான்: வேண்டாம் சார், ஜல்லி போடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 500 சதுர அடி என்பது ஏறக்குறைய 46 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். சித்திரை, வைகாசி வெயிலில் புல் பச்சையாக நிற்க நாளுக்கு 5 மில்லிமீட்டராவது வேண்டும். ஆக 230 லிட்டர். பிளாஸ்டிக் குடத்தில் 15 குடம், தினமும்! 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அதற்குள் மறந்துவிட்டதா? அந்த ஜூலையில் லாரித் தண்ணீருக்காக வாசலில் காத்திருந்தவர்கள்தான் இன்று புல்லுக்கு விலை விசாரிக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் ஊரில் வருஷம் முழுக்கத் தூறல். அங்கே புல் தானாக வளரும், வெட்டுவதுதான் வேலை. நமக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. தை பிறந்தால் வானம் வெறிச்சோடிவிடும். இந்த ஊருக்கு அந்தப் புல் எதற்கு?

'பேரக்குழந்தைகள் விளையாடுவார்களே' என்பார்கள். வருஷத்தில் பதினைந்து நாள் வருகிற பேரனுக்காக மிச்ச முந்நூற்றைம்பது நாளும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? அவன் வந்தாலும் கையில் செல்போன்தான்.

ஜல்லி என்றதும் முகம் சுளிக்கிறார்கள். சூடு ஏறும் என்பது உண்மை. அதனால்தான் மரத்தடியைச் சுற்றி வெறும் மண்ணாகவே விடச் சொல்கிறேன். சருகு சிக்கும், அதுவும் உண்மை. வாரம் ஒருமுறை ஈர்க்குத் துடைப்பத்தால் மேலாகத் தள்ளினால் போதும். கைத்தடி வைத்திருப்பவர்களுக்கு ஜல்லியில் கால் பிடிக்காது. கேட்டிலிருந்து படி வரை, கிணற்றடி வரை கடப்பா கல்லை வரிசையாகப் பதித்து, இரண்டு பக்கமும் ஜல்லி கொட்டுங்கள். மூட்டு வலிக்காரன் சொல்கிறேன், அதில் தைரியமாக நடக்கலாம். ராத்திரி யாராவது உள்ளே காலை வைத்தால் சரக் சரக்கென்று கேட்கும். நாய் வளர்க்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலாக, மழை. சென்னையில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். அதே 500 சதுர அடியில் விழுவது 64 ஆயிரம் லிட்டர். ஜல்லி வழியாக அதில் பெரும்பகுதி நம் மண்ணிலேயே இறங்கும். புல்லிலும் இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் புல் கோடையில் அதைத் திருப்பிக் கேட்கும், ஜல்லி கேட்காது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எல்லோரும் குழி வெட்டினோம். பிறகு அந்தக் குழியைத் தூர் வாராமல் விட்டு, வாசல் முழுக்க சிமென்ட் பூசி, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மாநகராட்சியைத் திட்டுகிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். களை வராது என்று சொல்லி ஜல்லிக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கப் பார்ப்பார்கள். விரித்தால் அதுவும் சிமென்ட் மாதிரிதான், சொட்டு இறங்காது. களை வந்தால் வரட்டும். அருகம்புல் முளைத்தால் பிள்ளையாருக்கு ஆயிற்று.

அளவு: 500 சதுர அடிக்கு இரண்டு அங்குல கனம் என்றால் 83 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி, அதிலேயே மிஞ்சும். லாரிக்காரர் இரண்டு யூனிட் எடுங்கள் என்பார். முக்கால் ஜல்லி ஒரு யூனிட் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.