எல்.எல்.ஆர் தேர்வில் மலைச்சாலைக்கு இடமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இருசக்கர வாகனத்துக்கான எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்) தேர்வை இப்போது ஆதார் எண்ணை வைத்து வீட்டிலிருந்தே எழுதிவிடலாம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி ஏறும் அலைச்சல் மிச்சம் என்பதில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், அந்தத் தேர்வில் தேறியவருக்கு மலையில் வண்டி ஓட்டத் தெரியுமா என்பதை யாரும் சோதிப்பதில்லை. அதைக் கண்டிக்கவே இக்கடிதம்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11-ஆவது விதி, இத்தேர்வில் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறது. சாலைக் குறியீடுகள், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றோடு, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடப்பதற்கும் தனியாக ஓர் இடம் உண்டு. அகலப்பாதைகளில் அத்தகைய கேட்டுகளை 2019-லேயே ஒழித்துவிட்டதாக ரயில்வே அறிவித்துவிட்டது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளோ அப்படியே இருக்கின்றன. மலைச்சாலைக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை.

கேள்வித் தொகுப்பில் மலைச்சாலை பற்றி சில கேள்விகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவை ஒருவருக்கு வருமா, வராதா என்பது அதிர்ஷ்டம். வந்தாலும் தவறவிடலாம், 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சிதான். எல்.எல்.ஆர் பெற்று 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வு. அதுவரை சமவெளியில் பழகுபவருக்கு ஊர் மைதானம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே ஏற்றமும் இறக்கமும்தான்.

ஓட்டுநர் தேர்வாவது இந்தக் குறையைத் தீர்க்கிறதா? இறக்கத்தில் விரைவாகக் கீழ் கியருக்கு மாற்றவும், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னுக்கு உருளாமல் மீண்டும் கிளப்பவும் தெரிந்திருக்க வேண்டும் என்று அதே விதிகளில் 15-ஆவது விதி சொல்கிறது. நடைமுறையில் சமதளத்தில் 'எட்டு' போட்டுக் காட்டினால் உரிமம் கிடைத்துவிடுகிறது. விதியில் உள்ளதைக்கூடச் சோதிக்காத தேர்வு எதற்கு?

மலையில் தெரிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும் என்ஜினை அணைப்பதும் ஆபத்து. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும்; வளைவுக்குள் நுழைந்தபின் முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். ஸ்கூட்டரில் மாற்ற கியர் இல்லை. பிரேக்கை விடாமல் பிடித்தே இறங்கினால் அது சூடேறி, பிடிப்பு குறைந்துவிடும். ஆகவே இடையிடையே ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். பஸ் திரும்பும்போது வளைவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அது கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். அகலம் போதாத இடத்தில் இறங்குபவர்தான் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். டிம்மில்தான் போக வேண்டும்.

இது மலைவாசிகளின் கவலை மட்டுமல்ல. ஏற்காட்டின் கோடை விழாவுக்கும் விடுமுறைக்கும் பைக்கில் ஏறிவருவோரில் பெரும்பாலோர் சமவெளியில் உரிமம் வாங்கியவர்கள். 2024 ஏப்ரல் 30 அன்று இந்த மலைச்சாலையில் தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் பலியானதைத் தமிழகமே பார்த்தது. ஆறு சக்கர வண்டிக்கே இந்த நிலை என்றால், இரண்டு சக்கரத்தில் வரும் புதியவரின் கதி என்ன?

போக்குவரத்துத் துறையிடம் நாங்கள் கேட்பவை மூன்று. ஒன்று, மாநிலம் முழுவதும் எல்.எல்.ஆர் தேர்வில் மலைச்சாலைக் கேள்விகளைக் கட்டாயமாக்க வேண்டும்; அவற்றில் தவறினால் தேர்ச்சி தரக்கூடாது. இதற்கு மத்திய விதி திருத்தப்பட வேண்டுமென்றால் தமிழக அரசு டெல்லியை வலியுறுத்த வேண்டும். இரண்டு, ஏற்காடு வட்டத்தினருக்கு ஓட்டுநர் தேர்வை முகாம் போட்டு மலையிலேயே, ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடத்த வேண்டும். மூன்று, இறங்கும் சாலையின் தொடக்கத்தில், 'ஏறிய கியரில் இறங்குங்கள். ஸ்கூட்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள்' என்று பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும்.

மூன்றாவதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. அடுத்த கோடை விழாவுக்குள் அதையாவது செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளக்கடை, ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.