எங்குமே கட்டாத வரி

வெளிநாட்டில் இருந்து வேலை செய்யும் அமெரிக்கக் குடிமக்களுக்கான வருமான வரி விலக்கு வரம்பு, 2026ஆம் ஆண்டுக்கு 1,32,900 டாலராக உயர்ந்திருக்கிறது. அயல்மண்ணில் உழைத்து ஈட்டிய வருமானத்தில் அந்தத் தொகை வரை சொந்த நாட்டுக்கு வருமான வரி கட்ட வேண்டாம். கணவன், மனைவி இருவரும் தகுதி பெற்றால் 2,65,800 டாலர் வரை விலக்கு. இதுவும் போதாதென்று, வெளிநாடுவாழ் அமெரிக்கர்கள் சுமக்கும் 'இரட்டை வரி'யை ஒழிப்பேன் என்று 2024 தேர்தல் பிரசாரத்தில் டிரம்ப் வாக்களித்தார். அந்த டிசம்பரிலேயே குடியரசுக் கட்சியின் டேரின் லஹூட் அதற்கொரு மசோதாவை முன்வைத்தார். இரட்டை வரி என்றால் யாருக்கும் இரக்கம் பிறக்கும். ஆனால், இந்த விலக்கால் உண்மையில் ஆதாயம் அடைபவர்களின் கணக்கில் இரட்டை வரி இல்லை. பல நேரங்களில் ஒற்றை வரிகூட இல்லை.

இந்தச் சலுகையின் வேர் 1926ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத்தில் இருக்கிறது. கடல் கடந்து சென்று அமெரிக்க வணிகத்தை வளர்ப்பவர்களை ஊக்குவிப்பதே அன்றைய நோக்கம். இன்று வருமான வரிச் சட்டத்தின் 911ஆம் பிரிவாக அது நிலைத்திருக்கிறது. தொடர்ச்சியான 12 மாதங்களில் 330 நாள்கள் வெளிநாட்டில் இருந்தால் விலக்குக் கேட்கலாம். ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. வேலை எந்த மண்ணில் நடக்கிறது என்பதை மட்டுமே சட்டம் பார்க்கிறது. சம்பளம் தரும் நிறுவனம் கலிஃபோர்னியாவில் இருக்கலாம், வாடிக்கையாளர்கள் டெக்சாஸில் இருக்கலாம், பணம் நியூயார்க் வங்கிக் கணக்கில் விழலாம். மடிக்கணினி துபாயில் திறந்திருந்தால் போதும், அது 'வெளிநாட்டு வருமானம்' ஆகிவிடும். வெளிச் சந்தையைப் பிடிக்கக் கப்பலேறியவருக்குத் தந்த சலுகையை, உள்நாட்டுச் சந்தையிலேயே சம்பாதித்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றியவர் அனுபவிக்கிறார்.

இரண்டு எண்களை அருகருகே வைத்தால் இதன் அநீதி விளங்கும். 2009இல் இந்த விலக்கின் வரம்பு 91,400 டாலர். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் விலைவாசியைக் காரணம் காட்டி விலக்கு வரம்பு ஏறிக்கொண்டே வந்து ஏறத்தாழ 45 விழுக்காடு கூடிவிட்டது. கூலியோ இன்றும் அதே 7.25 டாலர்தான். பல மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன என்பது உண்மை. கூட்டரசு ஒரு சென்ட்கூட உயர்த்தவில்லை என்பதும் உண்மை. வாரம் 40 மணி நேரம் ஆண்டு முழுக்க உழைத்தால் அந்தத் தொழிலாளி பெறுவது 15,080 டாலர். 2009இல் விலக்கு வரம்பு அவருடைய ஆண்டுக் கூலியைப்போல் ஆறு மடங்கு. இன்று ஏறத்தாழ ஒன்பது மடங்கு. வருமான வரி வரம்புக்குள் வராத அவரிடமும் சமூகப் பாதுகாப்புக்கும் மருத்துவக் காப்பீட்டுக்குமாக ஏறத்தாழ 1,150 டாலர் பிடித்தம் செய்யப்படுகிறது. விலைவாசி எல்லோரையும் தாக்குகிறது. ஆனால், 1,32,900 டாலர் சம்பாதிப்பவருக்கு அது தானாகவே ஈடுகட்டப்படுகிறது, 7.25 டாலர்காரர் காங்கிரஸின் கருணைக்காகக் காத்திருக்கிறார். ஒரு நாடு யாருக்காகச் சட்டம் எழுதுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உயர் வருவாய்ப் பிரிவினருக்குள்ளும் நீதி இல்லை. தனிநபராக 1,32,900 டாலர் ஈட்டி ஒஹையோவில் வாழ்பவர், நிலையான கழிவு போக, கூட்டரசுக்கு மட்டும் 20,000 டாலருக்கு மேல் வருமான வரி கட்டுகிறார். தனிநபர் வருமான வரியே இல்லாத அமீரகத்தில் அமர்ந்து அதே வேலையைச் செய்பவர் கட்டும் வருமான வரி பூஜ்யம். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரியும் வெளிநாட்டில்தான் வாழ்கிறார். ஆனால், அரசு ஊழியரின் சம்பளத்துக்கு இந்த விலக்கு கிடையாது. நாட்டின் பணிக்காக வெளியே அனுப்பப்பட்டவர் முழு வரி கட்ட வேண்டும். தன் வசதிக்காக வெளியேறியவர் கட்ட வேண்டாம். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

விலக்கை எடுத்துவிட்டால் இரண்டு நாடுகளுக்கும் வரி கட்ட நேருமே என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். அதற்குத் தனி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது: வெளிநாட்டில் கட்டிய வருமான வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளலாம். சென்னையில் குடியேறி அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்யும் அமெரிக்கக் குடிமகனை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கு வசிப்பவர் என்ற முறையில், புதிய வரி முறையிலேயே 24 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு அவர் 30 விழுக்காடு கட்டுகிறார். இந்த அளவு சம்பளத்துக்கு அது அமெரிக்க வரியைவிட அதிகம் என்பதால், அதைக் கழித்ததும் அங்கே பாக்கி இருக்காது. 911ஆம் பிரிவு நாளையே மறைந்தாலும் அவருக்கு நட்டமில்லை. நட்டம் எங்குமே கட்டாதவருக்கும் மிகக் குறைவாகக் கட்டுபவருக்கும் மட்டும். சுயதொழில் செய்வோர் 15.3 விழுக்காடு சுயதொழில் வரி கட்டத்தானே வேண்டியிருக்கிறது என்பார்கள். உள்ளூரில் சுயதொழில் செய்பவர் அதையும் கட்டி வருமான வரியும் கட்டுகிறார்.

குடியுரிமையை வைத்து வரி கேட்பது அமெரிக்காவும் எரித்திரியாவும் மட்டும்தான் என்பது அடுத்த வாதம். நாடுகளின் எண்ணிக்கை நியாயத்தைத் தீர்மானிக்காது. மெக்சிகோ நகரில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவர் தொடுத்த வழக்கில், குடிமகன் எங்கிருந்தாலும் அரசின் பாதுகாப்பு அவரைத் தொடர்கிறது, எனவே வரியும் தொடரலாம் என்று 1924இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வரி கேட்டால் குடியுரிமையைத் துறப்போம் என்பது வெறும் மிரட்டல். கட்ட மனமில்லாதவர் கடவுச்சீட்டை மட்டும் வைத்துக்கொள்ள உரிமை கேட்பது எப்படி?

விருந்தளிக்கும் நாடுகளும் இதில் உடந்தை. குரோஷியாவும் கோஸ்டாரிகாவும் தொலைப்பணியாளர்களுக்குத் தனி அனுமதி தந்து, அவர்களின் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வருமான வரி வேண்டாம் என்கின்றன. அங்கும் இல்லை, இங்கும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க இந்தியா 2020 நிதிநிலை அறிக்கையில் முயன்றது: எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகன் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார் என்றது. வளைகுடாவில் வியர்வை சிந்தும் தொழிலாளர்கள் பதறியது நியாயம். மறுநாளே அரசு விளக்கம் தந்ததும் சரி. இறுதியில் விதி, இந்தியாவிலிருந்து 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கென்று சுருங்கியது. ஆனாலும் அதன் அடிப்படை சரியானது: ஒருவர் எங்காவது ஓரிடத்தில் வரி கட்டியே ஆக வேண்டும். அமெரிக்கா 911ஆம் பிரிவை நீக்கிவிட்டு, வரிக் கழிவை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். இல்லையேல் பத்தாண்டுகளில் வருமான வரி என்பது, ஊரைவிட்டு நகர முடியாத செவிலியரும் ஆசிரியரும் ஓட்டுநரும் மட்டும் கட்டும் தண்டமாகிவிடும். அப்படிப்பட்ட வரியைக் கேட்க எந்த அரசுக்கும் தகுதி இருக்காது.