ஊமையர் காத்த உறவு

அமரர் கல்கி 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் தொடராக வரைந்த ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் துரோகி யார் என வினவினால், மாணாக்கர் பலர் தயங்காது ரவிதாசனைச் சுட்டுவர். சிலர் நந்தினியைச் சுட்டுவர். உடையார்குடிக் கல்வெட்டும் ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்றே குறிக்கின்றது. எனினும் அக்கல்வெட்டு சோழர் ஆணையால் எழுந்தது அன்றோ! வைகைக் கரையில் வாழும் நம் போன்றோர்க்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. காயமுற்றுக் கிடந்த வீரபாண்டியனின் தலையைக் கொய்தவனைப் பழிவாங்கச் சூளுரைத்த ஆபத்துதவிகள் யாருக்குத் துரோகம் இழைத்தனர்? தம் மன்னனுக்கு இல்லை.

புதினத்தின் முதல் வஞ்சகம் சதிகாரர் கூடிய காட்டில் நிகழவில்லை. மகப்பேறு நிகழ்ந்த அறையில், அதுவும் சிவபக்தியிற் சிறந்த செம்பியன் மாதேவியாரின் கையால் நிகழ்கின்றது என்பது என் கருத்து. தம் மகவு இறந்தே பிறந்தது எனக் கருதிய அவ்வம்மையார், மந்தாகினி ஈன்ற இரட்டையருள் ஆண்மகவைத் தம் மகவாக்கிக் கொண்டார். பெண்மகவு பாண்டிய நாட்டுக்குச் சென்றது. அவளே நந்தினி. பிற்காலத்தில் மதுராந்தகன் அரியணை வேண்டி நின்றபோது, ‘உன் தந்தையின் விருப்பம் அஃதன்று’ எனக் கணவர் பெயரால் தடுத்தாரேயன்றி, உண்மையை உரைத்தாரில்லை. அன்றே உரைத்திருப்பின் பழுவேட்டரையர் முதலியோரின் சதிக்கு அடிப்படையே இராது. தீயோரின் பொய்யினும் நல்லோரின் மௌனம் பெருங்கேடு விளைத்தது. ஆயின், கல்கி அம்மையாரைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை, நாம் கூறலாம்.

இனி, மீட்பு யாரால் வருகின்றது? பேச வல்லார் மறைத்தனர். பேச இயலாத சகோதரியர் இருவர் காத்தனர். புதைக்கத் தரப்பட்ட குழந்தைக்கு உயிர் இருக்கக் கண்டு, அதனைச் சேந்தன் அமுதனாக வளர்த்தாள் வாணி. காவிரியில் விழுந்த சிறுவன் அருள்மொழியைக் கரை சேர்த்தவள் மந்தாகினி. நூலின் பெயரே அவள் செயலால் வந்தது. சுந்தர சோழர் மீது எறியப்பட்ட வேலைத் தான் ஏற்று மடிந்தவளும் அவளே.

சேந்தன் அமுதன் பூந்தோட்டத்தில் வளர்ந்தவன், மணிமுடிக்கு ஆசைப்படாதவன். அரண்மனையில் வளர்ந்தவனோ அதற்காக அலைந்தான். பண்பைத் தருவது வளர்ப்பே எனக் காட்டிய ஆசிரியர், முடிவில் முடியை மட்டும் குருதி உறவுக்கே அளித்துவிட்டார். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்கள் இக்குழந்தை மாற்றத்தை அறவே விடுத்தன. கதை சுருங்கியது, செம்பியன் மாதேவியாரும் தப்பித்தார்!

ஒரு குறை எனக்கு உண்டு. உறவு வெளிப்பட்டதும் அமுதனுக்கு அரியணை கிடைத்தது. அதே மறைவால் தாயை இழந்து, வீரபாண்டியனே தன் தந்தை என்பதையும் காலங்கடந்து அறிந்த நந்தினிக்கு என்ன கிடைத்தது? குதிரையேறிச் சென்றாள். அவளை மீட்க அந்நூலில் எவரும் முன்வரவில்லை.