கவிதையில் பேசுவது யார்?

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கவிதை ஆசிரியர் கைக்கு வந்துசேரும் வழி பெரும்பாலும் கௌரவமானதல்ல. நோட்டுச் சோதனையில் சிக்கும், அல்லது பெஞ்சுக்கடியிலிருந்து பறிக்கப்படும். அதில் காதல் இருந்தால் பெற்றோருக்கு அழைப்பு போகிறது. சாவு இருந்தால் ஆலோசகருக்கு. இரண்டும் இல்லையென்றால் ‘முதலில் பாடத்தைப் படி’. மூன்று இடத்திலும் அதை யாரும் கவிதையாகப் படிக்கவில்லை. வாக்குமூலமாகவோ குப்பையாகவோதான் பார்த்தார்கள். மற்றவர்கள் செய்தால் மன்னிக்கலாம், தமிழாசிரியர் செய்யக் கூடாத பிழை இது. அகப்பாடலில் மாந்தரின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பிரித்துத்தான் குறுந்தொகையை நடத்துகிறோம். கபிலர் தலைவியாகப் பேசும்போது கபிலருக்கு என்ன நேர்ந்தது என்று யாராவது கேட்டால் திருத்துகிறோம். அதே வகுப்பில் ஒரு பெண் பிரிவைப் பற்றி எட்டு வரி எழுதினால் மட்டும் ‘யார் அந்தப் பையன்?’ என்று விசாரிக்கிறோம்.

இந்த வயதில் ஏன் கவிதை? வளரிளம் பருவத்தில் ஓவியம் பின்வாங்கி எழுத்து முன்னுக்கு வருவதை 1930இல் எழுதிய நூலில் சோவியத் உளவியலாளர் வைகோத்ஸ்கி கவனித்திருக்கிறார். எழுத்திலும் குறிப்பாகக் கவிதை என்பதற்கு என் கணிப்பு இது: நாட்குறிப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும், அகப்பட்டால் ஆபத்து. கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. ஒன்றைச் சொல்லவும் அதையே மறைக்கவும் ஒருசேர இடம் தருவது கவிதைதான். தனி அறையும் தனி அலைபேசியும் இல்லாத பிள்ளைக்கு அது சிறிய வசதியல்ல. மறைவிடத்தை நாம் பிடுங்கினால் சொல்வதும் நின்றுபோகும்.

மாணவரின் கவிதையை ஆசிரியர் எப்படியெல்லாம் எதிர்கொள்ளலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிரான்சின் சார்ல்வில்லில் 1870இல், பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற பதினைந்து வயது ரேம்போவுக்கு ஆசிரியராக வந்த ஜார்ஜ் இசாம்பாருக்கு அப்போது வயது 21. அவர் புத்தகங்களை இரவல் கொடுத்தார், மாணவன் எழுதியதைப் படித்துப் பேசினார். விக்டர் யூகோவின் நாவலைக் கொடுத்ததற்காகத் தாயின் கண்டிப்பான கடிதமும் அவருக்கு வந்தது. மறு ஆண்டு மே மாதம் ரேம்போ விசித்திரமான ஒரு கவிதையை அனுப்பியபோது அதே ஆசிரியர் கேலிப் பாடல் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். அதன்பின் அந்த நட்பு தேறவில்லை. பிற்காலத்து வாசகர் சிலர் அதே கவிதையைப் பாரிஸ் படைமுகாமில் ரேம்போவுக்கு நேர்ந்ததாக அவர்கள் கருதிய வன்கொடுமைக்குச் சாட்சியமாகப் படித்தார்கள். கவிதைக்கு வெளியே அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கேலியும் புலனாய்வும் எதிரெதிராகத் தோன்றினாலும், ‘இதை ஏன் இப்படி எழுதினாய்?’ என்ற கேள்வியை இரண்டுமே கேட்கவில்லை.

‘கவிதையில் பேசும் “நான்” கற்பனைதான் என்று விட்டுவிட்டுப் பிள்ளையை இழந்தால்?’ என்று ஆலோசகர்கள் கேட்பார்கள். கனமான கேள்வி. கவிதையாகப் படிப்பது என்றால் விசாரிக்காமல் இருப்பது என்று பொருளல்ல. சாவு திரும்பத் திரும்ப வந்தால், விடைபெறும் தொனியோ வழிமுறையோ தென்பட்டால், பிள்ளையின் நடத்தையும் மாறியிருந்தால், அன்றைக்கே தனியே அழைத்து ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதாலேயே அந்த எண்ணம் வளர்வதில்லை என்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416உம் கையில் இருக்கட்டும். பாலியல் கொடுமை வெளிப்பட்டால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்; ஆகவே ரகசியம் காப்பதாக முன்கூட்டி வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் யாருக்குக் கிடைக்கும்? நோட்டைப் பறித்தவருக்கு ‘சும்மா எழுதினேன் மிஸ்’ என்பதே கிடைக்கும். ஏற்கெனவே ஒரு கவிதையை ஒழுங்காகப் படித்துக் காட்டியவரிடம் பிள்ளை பேச வாய்ப்புண்டு.

இந்தக் கவிதைகளில் பெரும்பாலானவை சினிமாப் பாட்டின் நகல்தானே என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். நகலெடுத்தே எல்லோரும் பழகுகிறார்கள்; எழுதும் பிள்ளைகளில் பலர் சில ஆண்டுகளில் நிறுத்தியும் விடுவார்கள். அதற்காக ‘சூப்பர்’ என்று பொய் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சொல்லும் பேச்சை முடித்துவைப்பதுதான். ரகர றகரத் திருத்தம் ஒரு வாரம் பொறுக்கும். ‘இந்த வரியை ஏன் இங்கே முறித்தாய்?’ ‘மழைக்குப் பதில் வெயில் வந்தால் என்ன ஆகும்?’ போன்ற ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் போதும், அறுபது பேர் வகுப்பிலும். பள்ளி ஆண்டு மலரில் புனைபெயரையும் அனுமதிக்கலாம். எழுதியவர் யார் என்பது பொறுப்பாசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பெயர் போடுவதா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும்.