எத்தனை ‘பிறகு’?

ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்துசேரும் லத்தீன் அமெரிக்கக் கதைகளில் ‘பிறகு’ என்ற சொல் அளவுக்கு மிஞ்சிப் புழங்குகிறது என்பது எங்கள் நெடுநாள் மனக்குறை. மூலத்தில் அது ஒரே சொல் அன்று. ஸ்பானிய மொழியில் ‘தெஸ்புவேஸ்’ என்றால் பின்னொரு காலம். இடைவெளி எவ்வளவும் இருக்கலாம். ‘என்தோன்சேஸ்’ அந்தக் கணத்தைச் சுட்டும், சிலபோது ‘ஆகவே’ என்றும் பொருள்படும். ‘லுவேகோ’ பெரும்பாலும் அடுத்த செயலை முந்தையதோடு ஒட்டவைக்கும். மெக்சிகோவில் அதையே இரட்டித்துச் சொன்னால் ‘உடனே’ என்றாகிவிடும். மூன்றும் ஆங்கிலத்தில் பல வேளை ஒரே சொல்லாகச் சுருங்கி, நம்மிடம் ‘பிறகு’ ஆகின்றன.

‘லுவேகோ’வின் வேர் இடத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். நமக்கு இது அயலானதன்று. அந்தப் பக்கம் என்னும் ‘அப்புறம்’தானே இங்கும் காலச்சொல் ஆயிற்று! தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதைச் சொன்ன கையோடு பின், முன், கால், கடை, வழி, இடத்து என்பவற்றையும் அவற்றோடு சேர்த்துவிடுகிறார். முன்பின் வரிசையைத் தனிச்சொல்லைவிட வினையே சுமப்பது தமிழின் பழைய வழக்கு.

அவ்வழக்கு நூற்பாவில் உறைந்துவிடவில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் காது கொடுத்தால் போதும். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒருவர், “ஆட்டை ஓட்டியாந்து பட்டியில அடைச்சுப்போட்டு, கையக் கழுவிட்டுச் சோறுண்டம்” என்பார். இத்தனை செயல்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. காலச்சொல் ஒன்றுகூட இல்லை. அந்தப் ‘போட்டு’ முந்தைய வேலை முடிந்தது என்று தாழ்ப்பாள் போடுகிறது. ‘அப்பறம்’ அங்கே இல்லாமல் இல்லை. பேச்சு ஓய்ந்த இடத்தில் “அப்பறம்?” என்று கேட்டால், கதையைத் தொடரலாம் என்று பொருள். 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைக் கொண்டுவந்த பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ உரையாடல்களை மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும்.

‘பிறகு’வையே ஒழித்துக்கட்டச் சொல்கிறோம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1967இல் வெளிவந்த மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ தொடங்குவதே பல்லாண்டுகள் தள்ளி நின்று பின்னோக்கும் ஒரு ‘தெஸ்புவேஸ்’ஸின்மேல்தான். அதை வினையெச்சத்துக்குள் கரைத்தால் நாவலின் வாசற்படியே பெயர்ந்துவிடும். ‘லுவேகோ’வை எச்சத்திடம் ஒப்படைத்துவிடலாம், ‘என்தோன்சேஸ்’ஸுக்கு ‘அப்போது’ இருக்கிறது. ‘பிறகு’வை இப்படிப்பட்ட இடங்களுக்கு மிச்சம் வைக்கட்டும்.